வற்றிய ஆறு தந்த காய்ச்சல்
(சுற்றாடல் விஞ்ஞானமும் மக்கள் நலமும் — பட்டப்பின் படிப்பை நாடும் மாணவர்க்கு)

சிவனொளிபாதமலையின் சாரலிலே தோன்றும் சீதாவாக்கை கங்கை மாலிபொடையைக் கடந்து, பாறைகளிடையே இரைந்து விழுந்து, தெரணியகலையை அடைந்து, பின்னர் அவிசாவளைக்கு அணித்தே களனி கங்கையோடு கலக்கின்றது. ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நாடு அது. மலையிலே தேயிலை, இறங்க இறங்க இறப்பர், ஆற்றோரத்திலே வயலும் சிங்களக் கிராமமும், தோட்டத்திலே லயன்களும் தமிழ்த் தொழிலாளரும். அட்டைக்கடிக்கும் மண்சரிவுக்கும் அஞ்சும் அவ்வூரவர் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சியவரல்லர். அத்தகைய நாட்டிலே, 1934 ஆம் ஆண்டில், மழை பொய்த்த காரணத்தினால் மலேரியாக் காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரைக் கொண்டு சென்றது. மழையால் வரும் நோய் என நாம் எண்ணியிருக்கும் காய்ச்சல் மழையின்மையால் வந்தது எங்ஙனம்? இவ்வொரு வினாவைப் பின்பற்றிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானப் பட்டம் பெற்ற நம் பழைய மாணவர் சிலர் அண்மைக் காலத்தில் நம்மை அணுகி, சுற்றாடல் விஞ்ஞானமும் மனித சுகாதாரமும் இணைந்த பட்டப்பின் படிப்பைப் பற்றி விசாரிப்பதுண்டு. எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை ஆண்டு, உதவிப்பணம் உண்டோ, முடிவில் உத்தியோகம் உண்டோ என்பன அவர்தம் கேள்விகள். தவறான கேள்விகளல்ல, வயிறு யாவர்க்கும் உண்டு. ஆயினும் அப்படிப்பிலே எத்தகைய சிக்கல் ஆராயப்படுகின்றது, அச்சிக்கலை அவிழ்க்க எத்தனை துறைகள் ஒருங்கு கூடவேண்டும் என்பதை முதலில் அறிந்துகொண்டால் ஏனையவற்றைத் தாமே தீர்மானிக்கலாம். அதனை விளக்குதற்குப் பிறநாட்டு நூல்களிலே உதாரணம் தேடவேண்டியதில்லை. களனிப் பள்ளத்தாக்கே போதும்.

1934 ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டிய அளவு பெய்யவில்லை. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் மெலிந்தன. ஒக்ரோபரிலே காய்ச்சல் தலைகாட்டியது. நவம்பரிலே கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலிருந்த மருந்துச்சாலைகளின் வாயிலில் மக்கள் திரண்டனர். டிசெம்பரிலும் அடுத்த சனவரியிலும் அது உச்சத்தை எட்டியது. அக்காலத்தில் இலங்கையின் குடித்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் வழக்கத்துக்கு மேலதிகமாக இறந்தனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. இறந்தவருட் பெரும்பங்கினர் குழந்தைகளும் முதியோரும். வைத்திய சுகாதார சேவைப் பணிப்பாளராகவிருந்த பிரையர்கிளிவ் என்பாரும், கேணல் கில் என்பாரும் 1935 இல் அளித்த அறிக்கைகள் அரசாங்கப் பிரசுரமாக வெளிவந்துள்ளன. இத்துறையை நாடும் மாணவர் தம் முதற் பாடநூலாக இவ்வறிக்கைகளைக் கொள்ளலாம் என்பது நம் எண்ணம். அவை வெறும் உத்தியோகக் கடுதாசிகளல்ல.

நுளம்பின் வாழ்க்கையை அறிந்தால் வினாவின் பாதி விளங்கும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நோய்க்காவி அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. காட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர் 1920 களிலே இங்கு செய்த ஆராய்ச்சியினால் இதன் பங்கு தெளிவாயிற்று. வீட்டைச் சூழ்ந்த சாக்கடையையோ அழுகிய குட்டையையோ இந்நுளம்பு நாடுவதில்லை. தெளிந்த நீர், மேலே வெயில், அசைவின்மை ஆகிய மூன்றும் வேண்டும் அதற்கு. ஆற்றுப் படுக்கையிலே மணலிலும் பாறையிடுக்கிலும் தேங்கி நிற்கும் சிறு குழிகள் இம்மூன்றையும் அளிக்கின்றன. சாதாரண ஆண்டிலே தெரணியகலை போன்ற இடத்தில் இத்தகைய குழிகள் நிலைப்பதில்லை. இன்று தேங்கியதை நாளைய வெள்ளம் அடித்துச் செல்லும், குடம்பிகளும் அதனோடு செல்லும். முட்டையிலிருந்து நுளம்பு பறந்தெழ ஏறத்தாழ ஒன்றரை வாரம் தேவை. அவ்வளவு காலம் ஓர் ஆறு ஓடாதிருந்தால் அவ்வாறு முழுவதுமே நுளம்புப் பண்ணையாகிவிடும். 1934 இலே நிகழ்ந்தது அதுவே. ஓடும் நீர் ஒரு காவல் என்பதை, அது ஓடாது நின்றபோதுதான் நாடு உணர்ந்தது.

இனி மற்றப் பாதி. அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளிலே நுளம்பு ஆண்டுதோறும் உண்டு. காய்ச்சலும் ஆண்டுதோறும் உண்டு. அங்கு பிறந்த குழந்தை ஒன்றில் இளமையிலேயே இறந்தது, அன்றேல் பலமுறை காய்ந்து காய்ந்து ஒருவகை நிர்ப்பீடனத்தைப் பெற்றது. பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு உண்டு எனக் கணக்கிடுவது அக்கால மருத்துவரின் வழக்கம். உலர்வலயத்திலே அவ்வீதம் மிக உயர்ந்தும், களனிப் பள்ளத்தாக்கிலே மிகத் தாழ்ந்தும் இருந்தது. தாழ்ந்த வீதம் நலத்தின் அடையாளமாகத் தோன்றும். உண்மையில் அதுவே அபாயத்தின் அடையாளமுமாகும். நோயை அறியாத உடம்புகள் ஒரு பள்ளத்தாக்கு நிறைய இருந்தன. அதனாலேயே உலர்வலயம் ஓரளவு தப்ப, ஈரவலயத்தின் ஓரமும் இடைவலயமும் பேரழிவுக்குள்ளாயின. ஓர் எண்ணைப் பார்த்தவுடன் நல்லது என்றோ தீயது என்றோ முடிவுகட்டாதிருக்கும் பழக்கம் இத்துறை மாணவர்க்கு முதலில் வேண்டுவது.

கேணல் கில் பஞ்சாப்பிலே பல்லாண்டு பணியாற்றியவர். அந்நாட்டிலே மலேரியாக் கொள்ளைநோயை மழைக்கணக்கு முதலியவற்றைக் கொண்டு முன்கூட்டியே உரைக்கும் முறையொன்றை அவர் வகுத்திருந்தார். பஞ்சாப்பிலும் குற்றவாளி இதே குலிசிபேசிஸ்தான். ஆனால் அங்கு கொள்ளைநோய் வருவது மழை மிகுந்து வெள்ளம் பரந்த ஆண்டுகளில். இங்கு வந்தது மழை குறைந்த ஆண்டில். வறண்ட சமவெளியிலே மிகையான மழை குட்டைகளை ஆக்குகின்றது. மழை மிக்க மலைநாட்டிலே மழையின் குறைவு குட்டைகளை ஆக்குகின்றது. நுளம்புக்கு வேண்டுவது குட்டை. அது எவ்வழியால் வந்தாலென்ன? ஆகவே ஒரு நாட்டில் மெய்யான விதியை மறுநாட்டுக்கு அப்படியே பெயர்த்தல் ஆகாது. இலண்டனிலோ மெல்போணிலோ படித்துவரும் நம் இளைஞர் தாம் கற்ற சமன்பாடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து விரிக்கும்போது இதனை நினைவிற் கொள்வாராக.

சிறிது கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நோயாளியைக் கடித்த நுளம்பினுள் ஒட்டுண்ணி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம். அந்நுளம்பு கடித்த மனிதனிடத்தே காய்ச்சல் தோன்றுவதற்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம். ஒரு சுற்றுக்கு ஒரு மாதம் எனக் கொள்வோம். ஒரு நோயாளியிடமிருந்து பத்துப் பேருக்குத் தொற்றுகின்றது என ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், யூனில் ஒருவர், யூலையிற் பத்து, ஓகஸ்டில் நூறு, செத்தெம்பரில் ஆயிரம், ஒக்ரோபரிற் பதினாயிரம். முதல் மூன்று மாதம் எவரும் எதையும் காணார். ஐந்தாம் மாதத்திலே திடீரெனக் கொள்ளைநோய் என்பர். அஃது திடீரென வந்ததன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று மாதமே செயலாற்றற்குரிய காலம்.

இதுவரை கூறியது நுளம்பையும் நீரையும் பற்றி. ஆனால் நுளம்பு கடித்தோர் யாவரும் இறந்திலர். இறந்தோர் யார் என்ற வினா எழுந்தவுடன் நாம் ஆற்றை விட்டு அடுக்களைக்குள் நுழையவேண்டியிருக்கின்றது. 1908 ஆம் ஆண்டுப் பஞ்சாப்புக் கொள்ளைநோயை ஆராய்ந்து 1911 இல் அறிக்கை எழுதிய கிறிஸ்தோபர்ஸ், மழையோடு தானிய விலையையும் ஒப்புநோக்கி, பஞ்சமும் காய்ச்சலும் கைகோத்தபோதே மரணம் பெருகியது எனக் கண்டார். இலங்கையிலோ 1929 இன் பின்னர் உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பர் விலை வீழ்ந்து, களனிப் பள்ளத்தாக்கிலே தொழில் குன்றியிருந்தது. அதன் மேல் வறட்சி. அதன் மேற் காய்ச்சல். காய்ச்சலிற் படுத்தவன் வேலைக்குச் செல்லான்; வேலையில்லாதவனுக்குச் சோறில்லை; சோறில்லாதவன் இரண்டாம் முறை காய்ச்சலுக்கு ஈடுகொடான்.

அக்காலத்திலே நிவாரணத்துக்குச் சென்ற இளைஞர் கூட்டமொன்றை இவ்விடத்திற் குறிப்பிடாது செல்லல் முறையன்று. நவம்பர் 11 ஆம் நாளிலே பொப்பி மலருக்குப் பதிலாகச் சூரியமல், அதாவது நம் பூவரசம்பூ, விற்றுவந்த இயக்கத்தினர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவின் தலைமையிலே கேகாலை மாவட்டக் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். என். எம். பெரேராவும் அவர்களுள் ஒருவர். மருந்து கொண்டு சென்றவர்கள் மருந்து மாத்திரம் போதாது எனக் கண்டு பருப்பும் மார்மைட்டும் கொடுக்கலாயினர். பரிசோதனைச் சாலையிலே பல பக்கங்களில் நிறுவவேண்டிய உண்மையை ஓர் அகப்பைப் பருப்பு நிறுவிற்று எனலாம். அவ்வியக்கத்தினர் 1935 டிசெம்பரிலே சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்ததும், 1936 இலே ருவான்வெல்லை மக்கள் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதும் வேறு கதை. அரசியல் பேசுதல் நம் கருத்தன்று. எனினும் ஒரு காய்ச்சலின் விளைவு இறப்புப் பதிவேட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதும் ஆராய்ச்சியாளர் அறியவேண்டியதே.

தோட்டங்களின் நிலை வேறு. ஏறத்தாழ 2,500 அடிக்கு மேலே இந்நுளம்பு செழிப்பதில்லையாதலின் உயர்ந்த தேயிலைத் தோட்டங்களில் மலேரியா அரிது. தாழ்ந்த இறப்பர்த் தோட்டங்களுக்கு அவ்வரண் இல்லை. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டத்தின் வழிவந்த தோட்ட மருந்துச்சாலைகள் சில வசதிகளை அளித்தன; கிராமத்துக் குடியானவனுக்கோ மருந்துச்சாலை மைல்கணக்கில் அப்பால் இருந்தது. லயன் காம்பிராவிலே ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் உறங்கும் வாழ்வைச் சுகவாழ்வு என நாம் கூறவரவில்லை. ஆனால் மருந்து எட்டும் தூரத்தில் இருத்தல் எத்துணை பெரிய வேற்றுமையை ஆக்கவல்லது என்பதை இது காட்டுகின்றது. இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1880 களிலே கோப்பி அழிந்தபின் இலங்கைத் தோட்டத்துரைமார் சிங்கோனா மரத்தை நட்டு, ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டையை ஏற்றுமதி செய்து, உலகச் சந்தையிலே அதன் விலையையே வீழ்த்தினர். பின்னர் சாவாத்தீவின் போட்டியைத் தாங்காது மரங்களை வெட்டித் தேயிலை வைத்தனர். அம்மரங்களை நட்டதும் பட்டை உரித்ததும் தமிழ்க் கைகளே. கொயினா விளைந்த நாடு, அரை நூற்றாண்டு கழிந்து, கொயினாவுக்குக் கையேந்தி நின்றது.

இனி நம் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் விடயத்துக்கு வருவோம். 1934 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே இந்த அழிவை அறிவதற்கு வேண்டிய செய்தி நாட்டில் இல்லாமற் போகவில்லை. மழையளவு வானிலை நிலையத்தின் பேரேட்டில் இருந்தது. ஆற்று நீரின் உயரம் நீர்ப்பாசனப் பகுதியாரின் பேரேட்டில் இருந்தது. காய்ச்சல்காரரின் தொகை மருந்துச்சாலைப் பேரேட்டில் இருந்தது. அரிசி விலையும் வேலையின்மையும் கச்சேரிக் கடுதாசிகளில் இருந்தன. நுளம்பின் குணமோ காட்டரின் நூல்களில் இருந்தது. பேரேடுகளை ஒரே மேசையில் விரித்துவைத்து ஒருசேரப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர்தாம் இல்லை. சுற்றாடல் விஞ்ஞானமும் மனித சுகாதாரமும் என்னும் படிப்பு யாது என்று வினவுவார்க்கு நாம் கூறும் விடை இதுவே: அந்த மேசையில் அமரக் கற்பது.

பின்னாளிலே கே. ஜே. றஸ்தம்ஜி என்பவர் பழைய பதிவுகளை ஆராய்ந்து, இத்தகைய கொள்ளைநோய்கள் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுந்து வந்துள்ளமையை 1944 இல் வெளியிட்ட அறிக்கையிற் காட்டினார். 1996 இலே பௌமா, வான் டெர் கேய் என்னும் இருவர், 1870 முதல் 1945 வரை தென்மேல் இலங்கையில் எழுந்த கொள்ளைநோய்களைப் பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மாறுதலாகிய எல் நீனோவோடு தொடர்புபடுத்தி எழுதினர். தெரணியகலையிலே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கும் தென்னமெரிக்கக் கரையிலே கடல் சூடேறுவதற்கும் தொடர்பு உண்டு எனின் நம் முன்னோர் நகைத்திருப்பர். இன்று அதனை ஆராயவே கருவிகளும் படிப்புகளும் உள.

1946 இலே வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் வேலை நாடெங்கும் தொடங்கியது. எஸ். இராசேந்திரமும் எஸ். எச். சயவிக்கிரமவும் 1951 இலே எழுதிய நீண்ட கட்டுரையில் அதன் வரலாற்றைக் காணலாம். 1946 இல் ஆயிரவர்க்கு 20 அளவில் இருந்த மரண வீதம் 1947 இல் 14 அளவுக்கு இறங்கியது. ஓராண்டிலே இத்தகைய இறக்கம் உலக வரலாற்றில் அரிது. டி.டி.ரி. யின் வெற்றி என உலகம் கொண்டாடிற்று. ஆனால் உண்மையான பாடம் இனிமேல்தான் தொடங்குகின்றது. எஸ். ஏ. மீகம என்ற நம் நாட்டவர் 1967 இலே மறுத்துரைத்தார்: மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் மரணம் குறைந்திருக்கின்றதே, யுத்தம் முடிந்து உணவு வந்தது, வைத்தியசாலைகள் பெருகின, தாய்மார் மரணம் குறைந்தது, இவற்றை எங்கே வைப்பது? நியூமன் என்னும் பொருளியலார் மறுபக்கம் நின்று, மண்ணீரல் வீதம் உயர்ந்த மாவட்டங்களிலேயே மரணம் மிகுதியாகக் குறைந்தது எனக் காட்டி, வீழ்ச்சியில் ஐந்திலிரண்டு பங்கை மலேரியா ஒழிப்புக்கு உரிமையாக்கினார். கிறே என்பவர் 1974 இலே கணக்கை மீண்டும் போட்டு, நாலில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கொணர்ந்தார். மூவர்க்கும் கிடைத்த புள்ளிவிபரம் ஒன்றே. ஒரே காலத்திலே இரண்டு காரணங்கள் தொழிற்படும்போது எது எவ்வளவு செய்தது எனப் பிரித்தறிதல் இத்துறையின் கடினமான வேலை; பட்டப்பின் படிப்பிலே புள்ளிவிபரவியல் இத்துணை இடம் பெறுவதும் அதனாலேயே. கிறேயின் முறையை நாம் ஏற்கின்றோம்; ஆயினும் மீகமவின் ஐயம் எழாதிருந்தால் கிறேயின் கணக்கும் எழுந்திராது.

அதன் பின்னர் நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1963 இலே நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, காவலும் தளர்ந்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளிலே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் பல பத்தாண்டு உழைப்பு. அவ்வுழைப்பின் பெரும்பகுதி யுத்தத்தின் நடுவே. 2012 ஒக்ரோபரின் பின்னர் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் இல்லை என்ற நிலை எய்தப்பட்டு, 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 2018 இறுதியிலே வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் தொற்று மொனறாகலை மாவட்டத்தில் உள்ளூரவர் ஒருவர்க்குப் பரவியது. உடனே கண்டு தடுத்தனர். அதற்கு முன்பே மன்னாரிலே அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நகர்வாழ் நுளம்பு வந்து சேர்ந்திருந்தது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்றையும் தொட்டியையும் விரும்பும் நுளம்பு அது. நம் வளவுக் கிணறுகளின் தொகையை எண்ணிப் பார்ப்பவர்க்கு இச்செய்தியின் கனம் விளங்கும்.

இந்த ஆராய்ச்சியிலே தமிழ் மாணவர்க்கும் பங்கு உண்டு என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகின்றோம். குலிசிபேசிஸ் என நாம் ஒரே பெயரால் அழைத்த நுளம்பு இலங்கையிலே இரு உடன்பிறப்பினங்களாக உள்ளது, அவற்றுள் ஒன்றே நோயைச் செவ்வனே பரப்பவல்லது என்பதை 2000 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆண் நுளம்பின் நிறமூர்த்தத்தின் வடிவைக் கொண்டு செய்த நுட்பமான வேலை அது. அதனைச் செய்தோருள் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியராகிய சி. நோ. சுரேந்திரன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நெடுங்காலம் ஒன்றெனவே எண்ணியிருந்தனர்.

மலேரியா போய்விட்டதே, இனித் தெரணியகலையில் ஆராய்தற்கு என்ன உண்டு எனச் சிலர் வினவக்கூடும். ஆறு இன்னும் இருக்கின்றது. அதன் ஓட்டத்தைத் தடுக்கும் வேலைகளும் இருக்கின்றன. 1980 களின் நடுவிலே கொத்மலையில் அணை கட்டி மகாவலியை மறித்தபோது, அணையின் கீழே ஆறு குட்டைகளாகி, அதுவரை மலேரியா அறியாத மலைச்சாரலிலே காய்ச்சல் எழுந்தது. 1934 இலே வானம் செய்ததை இம்முறை மனிதனே செய்தான். இதற்கு மறுதலையாக, 1990 களிலே பீலிக்ஸ் அமரசிங்கவும் அவரோடு உழைத்தோரும் யான் ஓயாவிலே நீரை உரிய காலத்தில் திறந்துவிட்டுக் குட்டைகளை அலசிவிடுதலால் குடம்பிகளை ஒழிக்கலாமா என ஆராய்ந்தனர். நஞ்சு தெளியாது, நீரைக்கொண்டே நீரின் கேட்டை நீக்கும் வழி. சப்பிரகமுவையின் மலையாறுகளிலே இன்று சிறு நீர்மின் நிலையங்கள் பல உள. நீரைக் குழாய்வழி திருப்பிய பின் ஆற்றின் இடைப்பட்ட பகுதியிலே எத்தனை குட்டை, எத்தனை நாள், எந்த நுளம்பு? ஒருவர் முதுமாணிப் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல வினா இது.

இறப்பர்த் தோட்டத்திலே வேறொரு வினா காத்திருக்கின்றது. பால் வெட்டும் மரந்தோறும் ஒரு சிரட்டையோ கோப்பையோ கட்டியிருக்கும். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் அதிலே நீர் தேங்கும். ஈடிஸ் அல்போபிக்ரஸ் என்னும் நுளம்பு அங்கே பெருகும். டெங்குவைப் பரப்பும் இனங்களுள் அது இரண்டாவது. வெட்டாத நாளிற் சிரட்டையைக் கவிழ்த்துவைத்தல் வேண்டும் என்பதை எவரும் சொல்லிவிடலாம். ஒருவர் பொறுப்பில் நூற்றுக்கணக்கான மரம் இருக்கையில், வேதனமில்லாத நாளிலே அவற்றைக் கவிழ்ப்பவர் யார்? சிரட்டை பூச்சியியலைச் சேர்ந்தது. கவிழ்க்கும் கையின் கூலி பொருளியலைச் சேர்ந்தது. இரண்டையும் அறியாதார் எழுதும் ஆலோசனை தோட்டத்து அறிவித்தற் பலகையிலே ஒட்டிக்கிடந்து மழையிற் கரையும். வயலிலும் சேற்றிலும் நிற்போர்க்கு வரும் எலிக்காய்ச்சலும் அவ்வாறே. 2008 ஆம் ஆண்டு நாடெங்கும் 7,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்த அந்நோய் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை இன்னும் விட்டபாடில்லை.

படிப்பைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பேராதனையில் 1996 இலே தோன்றிய விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், பெலிகுல்லோயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகியன இத்துறையின் வெவ்வேறு கூறுகளுக்கு இடமளிப்பன. மருத்துவர்க்கே உரியது எனத் தயங்கவேண்டியதில்லை. விலங்கியல், இரசாயனம், புவியியல், கணிதம் ஆகிய எவ்வாயிலாலும் புகலாம். எவ்வாயிலாற் புகுந்தாலும் ஏனைய மூன்றிலும் அடிப்படை அறிவு தேடியே ஆகவேண்டும். நீரியலும் நோய்ப்பரவலியலும் புள்ளிவிபரமும் நிலப்படத்தைக் கணனியிற் கையாளும் வித்தையும் இன்றியமையாதன. இவற்றோடு எந்தப் பல்கலைக்கழகமும் பாடவிதானத்திற் சேர்க்காத ஒன்றையும் நாம் சேர்ப்போம்: மொழி. தெரணியகலைப் பள்ளத்தாக்கிலே ஆற்றோரத்துக் கிராமம் சிங்களம் பேசும். மேட்டு லயன் தமிழ் பேசும். நுளம்பு இரண்டு வீட்டுக்கும் பறக்கும். கிராமத்தையும் தோட்டத்தையும் வெவ்வேறாகவே எண்ணிவந்த நாடு இது. லயத்துத் தாயிடம் அவள் மொழியிலே கேட்டறியத்தக்க ஆராய்ச்சியாளர் மிகச் சிலரே. அவள் பிள்ளையின் காய்ச்சல் கணக்கில் வராது போவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் மாணவர் சிங்களமும் கற்று அங்கு செல்வாராயின், அவர் கையிலுள்ள கருவி வேறெவரிடமும் எளிதிற் கிடையாதது.

வெளிக்களத்தைப் பற்றிய ஒரு குறிப்போடு நிறுத்துகின்றோம். ஆற்றிலே குடம்பி தேடுவதற்குப் பெரிய செலவில்லை. நீண்ட கைபிடியுள்ள வெள்ளை எனாமல் அகப்பை ஒன்று, துளிகுழாய் ஒன்று, சீசாக்கள் சில, குறிப்புப் புத்தகம் ஒன்று. காலையிலே, சூரியனுக்கு எதிர்முகமாக நின்று, நம் நிழல் குட்டையில் விழாதவாறு அணுகவேண்டும். நிழல் பட்டாற் குடம்பிகள் அடியில் ஆழ்ந்துவிடும். அகப்பையைச் சரித்து மெல்ல மொள்ள வேண்டும். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைநிலையிலே கிடப்பது அனோபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது கியூலெக்ஸ் முதலாய ஏனையவை. நூறு மொள்ளலுக்கு எத்தனை என எழுதுக. குட்டையின் நீளம், ஆழம், வெயிலோ நிழலோ, நீர் தெளிவோ கலங்கலோ, அண்மையிலுள்ள வீடு எத்தனை அடி என்பனவற்றையும் எழுதுக. ஒன்றும் அகப்படாத நாளிலும் பூச்சியம் என எழுதுக. பூச்சியத்தை எழுதாத புத்தகத்தால் எவர்க்கும் பயனில்லை. பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிலே மழை சற்று ஓயும்போது சீதாவாக்கை கங்கையின் பாறைகள் வெளித்தெரியும். தொடங்குவோர் அப்பொழுதே தொடங்கி, தென்மேற்குப் பருவமழை வந்து பாறைகளை மூடும்வரை வாரம் ஒருமுறை, அதே பத்துக் குட்டைகளுக்கு, அதே நேரத்திற் செல்லவேண்டும்.